மொட்டையான ஸ்க்ரூத் தலைகள்: ஒரு பழைய ஹொண்டாவின் கிளட்ச் கவர்

வண்டி ஹொண்டா சி.டி. 125. இரட்டைச் சிலிண்டர், 1970களில் ஜப்பானில் செய்யப்பட்டது. பெரியப்பா ஓடிய வண்டி இப்போது வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் வசிக்கும் ஒரு இளைஞரிடம் இருக்கிறது. அவர் சொன்ன முறைப்பாடு ஒன்றுதான்: வலது பக்கக் கிளட்ச் கவரின் கீழ்விளிம்பால் ஒயில் கசிகிறது, காலையில் பார்த்தால் தரையில் கையகல வட்டம். என்னிடம் வரமுன் இரண்டு கராஜ்களில் காட்டியிருந்தார். ஒன்றில் கவரைக் கழற்றாமலே விளிம்பைச் சுற்றி சிலிக்கன் பூசி, ஸ்க்ரூக்களை இன்னும் இறுக்கி அனுப்பினார்கள். மற்றதில் ஸ்க்ரூத் தலை எல்லாம் போய்விட்டது, இனிக் கழற்ற ஏலாது, வேறு என்ஜின் தேடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒயில் கசிவுக்காக ஒரு என்ஜினைத் தூக்கி எறியச் சொன்ன அந்த ஆலோசனைதான் இதை விரிவாக எழுதவைக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு கொழும்பில் பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிள்களின் மதிப்பு ஏறியது. 2022இல் கியூ.ஆர். கோட்டாவில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று வந்தபோது, கொட்டகைக்குள் கிடந்த சிறிய ஹொண்டாக்கள் பல மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றில் எத்தனையோ வண்டிகளில் நான் பார்த்த முதல் சேதம் பிஸ்டனிலோ கியரிலோ இல்லை, ஸ்க்ரூத் தலையில்தான். அதனால் திறக்கவேண்டிய கவர் திறக்கப்படாமல் கிடந்து, உள்ளே போகவேண்டிய கை போகாமல், சின்னக் கோளாறு பெரிதாகிறது.

"அண்ணை, ஜப்பான் ஸ்க்ரூ எல்லாம் மெழுகு மாதிரி. டிரைவரை வைச்ச உடனே வழுக்குது" என்றார் அந்தத் தம்பி. இதே முடிவைத்தான் பெரும்பாலான கராஜ்களிலும் கேட்கிறேன். இந்த வண்டியில் கண்டது வேறு.

முதலில் பார்த்தது

கழுவித் துடைத்த பிறகு கவரைச் சுற்றியுள்ள ஸ்க்ரூக்களைப் படம் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லாமே எம் 6 அளவு (மரையின் விட்டம் 6 மில்லிமீற்றர்), குமிழ்த்தலை, ஸ்டார் வெட்டு, அதாவது தலையில் கூட்டல் குறி வடிவக் குழி. மேல்விளிம்பில் உள்ள சில ஏறத்தாழ நல்ல நிலையில் இருந்தன. வெட்டுக்குள் பழைய கறுப்புப் பெயின்ட்டும் காய்ந்த ஒயில் அழுக்கும் மட்டும். பக்கங்களில் உள்ளவற்றில் வெட்டின் மேல்விளிம்பு உருண்டு, உலோகம் ஒரு திசையில் இழுபட்டுக் கிடந்தது. அது கழற்றும் திசையில் டிரைவர் ஏறி வழுக்கியதன் அடையாளம். கீழே, கசிவு இருக்கும் இடத்தில், ஒன்று முழு மொட்டை: வெட்டு வட்டக் குழியாகியிருந்தது, தலையின் ஓரத்தில் உளி வைத்து அடித்த காயம். அதற்குப் பக்கத்தில் ஸ்க்ரூ இருக்கவேண்டிய இடத்தில் ஒரு எலன் கீ போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது), தலைக்குக் கீழே இரண்டு வாஷர்.

அந்த இரண்டு வாஷர் எனக்குப் பாதிக் கதையைச் சொல்லிவிட்டது. போல்ட் நீளம் கூடியதால்தான் வாஷர் போட்டிருக்கிறார்கள். நீளம் கூடிய போல்ட் துளையின் அடியில் முட்டி நின்றால் கவரை அழுத்தாது. முறுக்குகிறவர் கைக்கு இறுக்கம் வந்ததுபோல் தெரியும். கவருக்கும் கேஸ்கட்டுக்கும் (ஒயில் கசியாமல் கவருக்கு அடியில் வைக்கும் தாள்) இடையில் அழுத்தமே இருக்காது. வாஷரைக் கண்டுபிடிக்கும் முன்பு, அல்லது வாஷர் போட்டும் போதாமல், அங்கே மரை இழுபட்டிருக்கும் என்று ஊகித்தேன்.

டிரைவரின் நுனியில் மை

தலை ஏன் மொட்டையாகிறது என்பதை அவருக்குச் சொல்லிக் காட்டுவதைவிடச் செய்து காட்டுவது நல்லது. மேல்விளிம்பில் இருந்த நல்ல ஸ்க்ரூ ஒன்றின் வெட்டைச் சுத்தமாகத் தோண்டி எடுத்தேன். பிறகு மூன்று டிரைவர்களின் நுனியில் பெர்மனென்ட் மார்க்கரால் மை பூசி, ஒவ்வொன்றையும் நேராக வைத்து அழுத்தி, சிறிது முறுக்கி, மை எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்தோம்.

முதலாவது, அவர் வீட்டில் இருந்து கொண்டுவந்த ஸ்டார் டிரைவர். நம்பர் 2. மை நுனியின் ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தது, நான்கு பக்கமும் நீட்டிய இறக்கைகளில் தொடவே இல்லை. எம் 6 ஸ்க்ரூவின் வெட்டு நம்பர் 3 அளவு. நம்பர் 2 அதற்குள் ஆடும். இரண்டாவது, ஐரோப்பிய முறையில் செய்த நல்ல தரமான பிலிப்ஸ் நம்பர் 3. அளவு சரிதான், ஆனாலும் மை நுனியிலும் இறக்கைகளின் மேல்முனையிலும் அழிந்திருந்தது, நடுப்பகுதி அப்படியே. மூன்றாவது, ஜப்பானில் செய்த ஜே.ஐ.எஸ். நம்பர் 3. இறக்கைகள் நான்கிலும் மேலிருந்து கீழ்வரை மை தேய்ந்திருந்தது. அவர் அதைக் கையில் வாங்கி ஸ்க்ரூவில் வைத்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

காரணம் நுனியின் வடிவத்தில் இருக்கிறது. ஜே.ஐ.எஸ். என்பது ஜப்பானின் தொழிற்துறைத் தர நியமம். ஸ்டார் வெட்டுக்கு பி 1012, டிரைவருக்கு பி 4633 என்று தனித்தனி எண்கள். பிலிப்ஸ் நுனியில் இறக்கைகள் நடுத்தண்டோடு சேரும் மூலைகளில் வளைவு அதிகம். ஜப்பான் வெட்டில் அந்த மூலை கூராக இருப்பதால், பிலிப்ஸ் நுனி அங்கே தங்கி நிற்கிறது, இறக்கைகள் முழு ஆழத்துக்கு இறங்குவதில்லை. இரண்டிலும் வெட்டின் சுவர்கள் சரிவாகவே இருக்கின்றன. சரிவான சுவரில் முறுக்கும் விசை கொடுத்தால் அதில் ஒரு பங்கு டிரைவரை வெளியே தள்ளும். முழு ஆழத்தில் இறங்கிய நுனியைக் கை அழுத்தத்தால் பிடித்து வைக்கலாம். அரைகுறையாக நிற்கும் நுனி ஏறி வழுக்கும், வழுக்கும்போது விளிம்பைச் சீவிக்கொண்டு போகும். அடுத்த முறை வைக்கும்போது பிடிமானம் இன்னும் குறைவு.

மாறிப் போட்டால் இந்தப் பிரச்சினை இல்லை. ஜே.ஐ.எஸ். டிரைவர் பிலிப்ஸ் வெட்டில் நன்றாகவே உட்காரும். அதனால் ஒருவர் இரண்டு விதமும் வாங்கத் தேவையில்லை. பழைய ஜப்பான் வண்டி வைத்திருப்பவர் ஜே.ஐ.எஸ். வாங்கினால் வீட்டுக்கும் அது போதும். போஸிடிரைவ் என்பது வேறு இனம், அதன் நுனியில் நான்கு இறக்கைகளுக்கு இடையே மெல்லிய கோடுகள் இருக்கும். தளபாடம் பூட்டும் பிட் பெட்டிகளில் அது நிறைய வருகிறது. அதை ஹொண்டாவின் ஸ்க்ரூவில் வைக்கவே கூடாது.

இந்தக் குறுக்குவெட்டு ஸ்க்ரூ யாருக்காகப் பிறந்தது என்று தெரிந்தால் விஷயம் இன்னும் தெளியும். அமெரிக்காவில் ஜோன் தொம்சனின் எண்ணத்தை வாங்கி ஹென்றி பிலிப்ஸ் 1936இல் காப்புரிமை பெற்றார்; ஜெனரல் மோட்டர்ஸ் அதைக் காடிலாக் கார்களில் பயன்படுத்தியது. சொய்சிரோ ஹொண்டா 1950களில் வெளிநாட்டுப் பயணம் ஒன்றில் இந்த ஸ்க்ரூவைக் கண்டு ஊருக்குக் கொண்டுவந்தார் என்று ஜப்பானில் இன்றும் சொல்வார்கள். இரண்டு இடத்திலும் தேவை ஒன்றே: உற்பத்தி வரிசையில் காற்று டிரைவரை நேராக வைத்து, அழுத்தி, ஒரே அளவில் வேகமாக இறுக்குவது. நேராக வைப்பதும் அழுத்துவதும் அந்த ஸ்க்ரூவின் வடிவமைப்புக்குள்ளேயே இருக்கின்றன. நம் கராஜில் தரையில் குந்தியிருந்து, கிக் லிவரைத் தாண்டி, சாய்வாக வைத்து ஒரு கையால் முறுக்குகிறோம். ஜப்பானிய மெக்கானிக்குகள் கற்றுக்கொள்ளும் கணக்கு: பத்தில் ஏழு பங்கு அழுத்தம், மூன்று பங்கு முறுக்கு. கழற்றும்போது இந்தக் கணக்கு கட்டாயம். நம் பழக்கம் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு.

கழற்றியது எப்படி

ஒயிலை வடித்து, கிக் லிவரையும் வழியில் இருந்தவற்றையும் எடுத்த பிறகு, ஒரு ஸ்க்ரூவையும் திருப்பவில்லை. முதல் வேலை ஒவ்வொரு வெட்டின் அடியையும் ஊசிக் கம்பியால் தோண்டி, மண்ணெண்ணெய் தடவிய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, காற்றடிப்பது. பலர் இதைத் தாண்டிப் போகிறார்கள். அடியில் அரை மில்லிமீற்றர் பெயின்ட் கட்டியிருந்தாலே எந்த நல்ல டிரைவரும் முழுதாக இறங்காது, ஜே.ஐ.எஸ். என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது.

அடுத்து ஊடுருவும் ஒயில், இரவு முழுக்க. வெள்ளவத்தை வண்டிக்கு இது முக்கியம். கடற்காற்றின் உப்பில் ஸ்டீல் ஸ்க்ரூவும் அலுமினிய உடலும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அலுமினியம்தான் அரிக்கப்படும். அந்த வெள்ளைப் பொடி மரைக்குள் நிரம்பி ஸ்க்ரூவைப் பூட்டிவிடுகிறது. இறுக்கி வைத்ததால் வரும் பிடிப்பைவிட இந்தப் பொடியின் பிடிப்பு பல மடங்கு. காலி வீதிக்கு மேற்கே வாழும் வண்டிகளையும் கடலுக்குத் தள்ளியிருக்கும் தெமட்டகொடப் பக்கத்து வண்டிகளையும் திறக்கும்போது இந்த வித்தியாசம் கைக்குத் தெரியும்.

காலையில், இழுபட்ட தலைகளை உருண்டைமுகச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினேன். மேலே எழும்பியிருந்த உலோகம் வெட்டுக்குள் திரும்பப் படியும். பிறகு நம்பர் 3 நுனியை வைத்து ஒரு அடி. வெட்டு புதிதாக அச்சாகிவிடும். இதற்கு உலோகத்தண்டு கைபிடியின் பின்முனை வரை ஊடுருவி நிற்கும் டிரைவர் வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் கைபிடியில் சுத்தியல் வைத்தால் கைபிடி பிளக்கும், தண்டு வளையும்.

பாதி ஸ்க்ரூக்கள் இந்த நிலையிலேயே, அழுத்தி முறுக்கியதும், ஒரு சிறு சத்தத்தோடு விட்டுக்கொடுத்தன. ஒன்றை விடுவித்ததும் முழுதாகக் கழற்றவில்லை. எல்லாவற்றையும் கால் சுற்று விடுவித்த பிறகே எடுத்தோம். சிலதை முழுதாக எடுத்துவிட்டால் கவரின் இழுவை முழுதும் மிச்சத்தின் மேல் விழும், ஏற்கெனவே இறுகிய ஸ்க்ரூ இன்னும் இறுகும்.

விட்டுக்கொடுக்காதவற்றுக்கு இம்பெக்ட் டிரைவர், அதாவது பின்னால் சுத்தியலால் அடித்தால் நுனி திரும்பும் கருவி. இதில் கவனிக்க வேண்டியது கருவியோடு வரும் பிட். பெட்டியில் வருவது பெரும்பாலும் சாதாரண பிலிப்ஸ். அதைக் கொண்டு அடித்தால் தலையை இன்னும் வேகமாக அழிக்கலாம். ஜே.ஐ.எஸ். நம்பர் 3 பிட்டை மாட்டி, கழற்றும் திசைக்கு வைத்து, அடிக்குமுன் கையால் அதே திசைக்கு முறுக்கி ஆட்டத்தை எடுத்துவிட வேண்டும். பிறகு கனமான சுத்தியலால் ஒரு தெளிவான அடி. லேசான சுத்தியலால் பல தரம் தட்டுவது ஸ்க்ரூவை நெளிக்கும், திருப்பாது. இன்னொன்று: வண்டி நடு ஸ்டாண்டில் நிற்கும்போது பக்கவாட்டில் இருந்து அடிக்கிறோம் என்பதை மறக்கக்கூடாது. எதிர்ப்பக்கம் ஒருவர் நின்று தாங்க வேண்டும். அந்தத் தம்பியே நின்று தாங்கினார்.

வெசல் என்ற ஒசாக்கா நிறுவனம் செய்யும் இம்பெக்டா என்ற டிரைவரில் இந்த வசதி கைபிடிக்குள்ளேயே இருக்கிறது. பின்னால் அடித்தால் நுனி கழற்றும் திசைக்கு 12 பாகை திரும்பும். எம் 4, எம் 5 ஸ்க்ரூக்களுக்கு அது அருமை. ஆனால் இந்தக் கவரின் எம் 6 ஸ்க்ரூக்களுக்கு, அதுவும் உப்பேறியவற்றுக்கு, பெரிய இம்பெக்ட் டிரைவரின் கனம் தேவைப்பட்டது.

ஒரு ஸ்க்ரூவுக்குச் சூடும் வேண்டியிருந்தது. ஹீட் கன்னால் ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கினோம். அலுமினியம் ஸ்டீலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவதால் மரைக்குள் கட்டியிருக்கும் பொடியின் பிடி உடைகிறது. நெருப்புச் சுவாலை வேண்டாம், பெற்றோல் தாங்கி கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது.

முழு மொட்டையாக இருந்ததற்கு இந்த எதுவும் பயனில்லை, அதில் நேரம் வீணாக்கவும் இல்லை. ஸ்க்ரூ உடைந்தால் கழற்ற விற்கும் இடப்பக்க மரை வைத்த ஈஸி அவுட்டை நான் இந்த அளவில் பயன்படுத்துவதில்லை. அது கடினமான எஃகு, துளைக்குள் முறிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது. நடுவில் சென்டர் பன்ச் வைத்து, 6.5 மில்லிமீற்றர் டிரில்லால் தலையை மட்டும் வெட்டி எடுத்தோம். தலை போனதும் கவர் வெளியே வந்தது, ஸ்க்ரூவின் தண்டு என்ஜின் உடலில் இருந்து ஒரு விரல்நுனி அளவுக்கு நீட்டிக்கொண்டு நின்றது. அதை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருப்பினால் வந்துவிட்டது. தலை இருந்தவரை தண்டை இழுத்து வைத்திருந்த விசை தலையோடு போய்விடுகிறது. மொட்டைத் தலையைப் பார்த்து என்ஜினைக் கைவிடச் சொன்னவர்கள் இந்த ஒன்றை நினைத்திருக்கலாம்.

கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு டப்பாவில் போடவில்லை. கவரின் வடிவத்தை ஒரு அட்டைப்பெட்டித் துண்டில் வரைந்து, ஒவ்வொரு துளைக்கும் உரிய இடத்தில் குத்தி, அதில் அதன் ஸ்க்ரூவைச் செருகினோம். நீளங்கள் ஒரே மாதிரி இல்லை. நீளமானது குறுகிய துளைக்குப் போனால் அடியில் முட்டும், முறுக்கினால் துளையைச் சுற்றியுள்ள அலுமினியம் வெடிக்கும். குறுகியது ஆழமான துளைக்குப் போனால் நான்கைந்து மரையில் மட்டும் தொங்கும், அந்த மரைகள் கழன்று வரும். அலுமினியத்தில் எம் 6 ஸ்க்ரூ குறைந்தது 9 மில்லிமீற்றராவது உள்ளே பிடிக்க வேண்டும்.

உள்ளே

கசிவின் காரணம் எதிர்பார்த்த இடத்தில்தான். எலன் கீ போல்ட் இருந்த துளையில் மேல் மரைகள் முழுதும் இழுபட்டிருந்தன. கேஸ்கட் அந்த மூலையில் அழுத்தப்படாமலே ஒயிலில் ஊறிப் பஞ்சாகிக் கிடந்தது. பூசிய சிலிக்கனில் ஒரு பகுதி உள்ளேயும் பிதுங்கியிருந்தது. அதைத் தேடித் தேடி எடுத்தோம், ஒயில் வழியில் ஒரு துண்டு போனாலும் சேதம் பெரிது. மரை போன துளைக்கு 6.3 மில்லிமீற்றர் டிரில் போட்டு, ஹெலிகாயில் டேப்பால் (டேப் என்பது துளைக்குள் மரை வெட்டும் கருவி) மரை வெட்டி, எம் 6 ஹெலிகாயில் சுருளை, அதாவது புது மரையாக நிற்கும் கம்பிச் சுருளை, ஏற்றினோம். இந்த வேலையில் டிரில் நேராகப் போவது மட்டுமே சிரமம். மற்றத் துளைகளில் எம் 6 டேப்பைக் கையால் மெதுவாக ஓட்டி வெள்ளைப் பொடியை வெளியே எடுத்தோம். கிளட்ச் தட்டுகள் நல்ல நிலையில் இருந்தன. புதிய கேஸ்கட்.

எலன் கீ வேண்டுமா

"அண்ணை, இனி எல்லாத்துக்கும் ஸ்டெய்ன்லெஸ் எலன் கீ போட்டுடுவமா? பிறகு இந்தத் தலை பிரச்சினையே இல்லையே."

நியாயமான கேள்வி. நிறையப் பேர் அப்படிச் செய்கிறார்கள், பார்க்கவும் அழகு. நான் வேண்டாம் என்று சொன்னேன், காரணங்களையும் சொன்னேன்.

இந்த இணைப்பில் மிகவும் மதிப்பான பொருள் என்ஜின் உடலில் உள்ள மரை. ஸ்க்ரூ போனால் சில ரூபாவோடு போகும். மரை போனால் மேலே சொன்ன வேலை முழுதும். ஹொண்டாவின் பொதுவான முறுக்கு அட்டவணையில் எம் 6 ஸ்க்ரூவுக்கு 7 முதல் 11 நியூட்டன் மீற்றர், எம் 5 ஸ்க்ரூவுக்கு 3.5 முதல் 5. தடித்த கைபிடியுள்ள நம்பர் 3 டிரைவரால் ஒருவர் கையால் இறுக்கினால் கிடைப்பது ஏறத்தாழ இந்த அளவுதான், அதற்கு மேல் கை ஏலாது. எலன் கீயில் அப்படியில்லை. 80 மில்லிமீற்றர் நீளமுள்ள கீயின் முனையில் 20 கிலோ விசை கொடுத்தால் 16 நியூட்டன் மீற்றர் ஆகிவிடும். அதைக் கொடுப்பதற்கு யாரும் பலசாலியாக இருக்கத் தேவையில்லை. போல்ட்டின் தலை தாங்கும், போல்ட்டும் தாங்கும், அலுமினிய மரை தாங்காது. இந்த வண்டியில் மரை போன ஒரே துளை எலன் கீ போட்ட துளைதான்.

இரண்டாவது ஸ்டெய்ன்லெஸ். அது தான் துருப்பிடிக்காது, ஆனால் உப்புக் காற்றில் அலுமினியத்தை அரிக்கச் செய்வதில் சாதாரண ஸ்க்ரூவைவிட மோசம். துத்தநாகப் பூச்சுள்ள ஸ்டீல் ஸ்க்ரூவில் பூச்சு முதலில் அழிந்து அலுமினியத்தைச் சில காலம் காக்கும். எலன் கீயின் தலைக்குழியில் மழைத்தண்ணீரும் தேங்கும்.

முறுக்கை அளந்து இறுக்கும் டோர்க் ரென்ச் வைத்திருந்து ஒவ்வொரு முறையும் அதைக் கொண்டே இறுக்குபவர், மரை இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் இருக்க ஆன்டி சீஸ் பசை பூசுபவர், எலன் கீ போட்டாலும் ஒன்றும் கெடாது. கவர் அடிக்கடி திறக்கப்படும் வண்டிகளில் அதற்கு வசதியும் உண்டு. ஆனால் வெள்ளவத்தையில் நிற்கும், பல கைகள் தொடப்போகும் ஒரு வண்டிக்கு, குமிழ்த்தலை ஸ்டார் ஸ்க்ரூவே பாதுகாப்பு. அவர் ஒத்துக்கொண்டார்.

வாங்கியது

ஸ்க்ரூக்களையும் டிரைவரையும் தேடி அவரோடு பழைய சோனகத் தெருவுக்குப் போனேன். ஹாட்வெயார் கடை ஒன்றில் "நானா, ஸ்டார் நம்பர் 3 இருக்கா?" என்று கேட்டதும் உள்ளே தேடிக்கொண்டே அவர் சொன்னார்: "மூன்று யாரும் கேக்கிறதில்லை மகன். எல்லாரும் ரெண்டுதான்." கொழும்பு முழுக்க எம் 6 ஸ்க்ரூக்கள் ஏன் மொட்டையாகின்றன என்பதற்கு அவர் சொன்னது பெரிய விளக்கம். கடையில் தொங்கும் டிரைவர் நம்பர் 2, வீட்டுப் பெட்டியில் இருப்பது நம்பர் 2, கராஜ் பையனின் கையில் இருப்பதும் நம்பர் 2. எம் 3 முதல் எம் 5 வரை அது சரியான அளவு. அதனால் காபரேட்டரையும் பொயின்ட் தட்டையும் கழற்றும்போது ஒன்றும் தெரியாது, என்ஜின் கவருக்கு வந்ததும் வழுக்கும்.

ஜப்பான் டிரைவர் வாங்குபவர் வெசல், ஹோசான், அனெக்ஸ், கே.டி.சி. போன்ற பெயர்களைத் தேடலாம். பெயர் அச்சடித்த போலிகளும் உண்டு, அதனால் கடையிலேயே சோதிக்க வேண்டும். என் வழி: வண்டியில் இருந்து கழற்றிய நல்ல பழைய ஸ்க்ரூ ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுபோவது. டிரைவரைக் கிடையாகப் பிடித்து நுனியில் அந்த ஸ்க்ரூவை மாட்டினால், காந்தம் இல்லாமலே அது விழாமல் நிற்க வேண்டும். ஜே.ஐ.எஸ். நுனி நல்ல ஸ்க்ரூவில் அப்படி நிற்கும். சிலர் பிலிப்ஸ் நுனியைக் கிரைண்டரில் கொஞ்சம் வெட்டி ஆழத்தைச் சரிசெய்கிறார்கள். அவசரத்துக்கு உதவும், மூலைகளின் வளைவு அப்படியே இருப்பதால் பிடிமானம் முழுதாக வராது. சூடேற்றிவிட்டால் நுனியின் கடினமும் போகும்.

ஸ்க்ரூக்களைப் பஞ்சிகாவத்தையில் எடுத்தோம். எம் 6, மரை இடைவெளி 1 மில்லிமீற்றர், துத்தநாகப் பூச்சு, அட்டையில் குறித்த நீளங்கள். ஒவ்வொன்றையும் டிரைவர் நுனியில் மாட்டிப் பார்த்து, ஆடியவற்றைத் திருப்பிக் கொடுத்தோம். கடைக்காரர் பொறுமையாக இருந்தார்.

தலையில் உள்ள புள்ளி பற்றி ஒன்று சொல்லவேண்டும், ஏனென்றால் அதைக் கொண்டு பிழையாக வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஸ்டார் வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு குழி இருந்தால் அது ஜே.ஐ.எஸ். வெட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் குழி மரையைப் பற்றியது. ஜப்பான் தன் பழைய மரை இடைவெளிகளில் இருந்து 1960களில் சர்வதேச ஐ.எஸ்.ஓ. இடைவெளிக்கு மாறியபோது, புதிய மரை என்று காட்ட வைத்த அடையாளம் அது. எம் 3 முன்பு 0.6, பிறகு 0.5. எம் 4 முன்பு 0.75, பிறகு 0.7. எம் 5 முன்பு 0.9, பிறகு 0.8. எம் 6 மாறவில்லை. ஆகவே 1970களின் வண்டிக்கு இந்தக் கவலை குறைவு. 1960களின் நடுப்பகுதி ஹொண்டா வைத்திருப்பவர் கவனமாக இருக்க வேண்டும்: புள்ளியில்லாத பழைய எம் 5 ஸ்க்ரூவின் இடத்தில் இன்றைய எம் 5ஐப் போட்டால் முதல் இரண்டு சுற்று போகும், பிறகு இறுகும், அதைப் பலவந்தமாக முறுக்கினால் மரை இரண்டும் சேர்ந்து போகும். அந்த வண்டிகளில் மூல ஸ்க்ரூவைக் காப்பாற்றுவதே வழி.

பூட்டியதும் பிறகும்

பூட்டும்போது மரைகளில் ஆன்டி சீஸ் மெல்லியதாகப் பூசினோம். ஆன்டி சீஸ் உராய்வைக் குறைப்பதால் அதே முறுக்கில் ஸ்க்ரூ கூடுதலாக இழுபடும். அதனால் அட்டவணையின் கீழ்ப்பக்கமான 7இல் நிறுத்தினோம். குறுக்குக் குறுக்காக, இரண்டு கட்டமாக. தலைக்குழிகளில் சிறிது கிறீஸ் வைத்தோம், அழுக்கும் உப்பும் அடியில் கட்டாமல் இருக்க. என்ஜினைச் சூடாக்கி ஆறவிட்டு மறுபடி பார்த்தபோது சில ஸ்க்ரூக்கள் இன்னும் சிறிது இறுகின, புதிய கேஸ்கட்டில் அது வழக்கம். பிறகு அவர் வேலைக்குப் போய்வரும் வழக்கமான ஓட்டம். கவரின் கீழ்விளிம்பு காய்ந்தே இருக்கிறது, ஹெலிகாயில் போட்ட மூலையும்.

இடது பக்கக் கவர் இன்னும் திறக்கப்படவில்லை. அங்கே கசிவு இல்லை. நம்பர் 3 டிரைவர் இப்போது அவரிடம் இருப்பதால் அந்தப் பக்கத்தைத் தானே செய்கிறேன் என்றார். கவரைக் கழற்ற வேண்டாம், கேஸ்கட் குலையும் என்று சொல்லி அனுப்பினேன். வெட்டைத் தோண்டிச் சுத்தம் செய்து, ஒரு ஸ்க்ரூவை மட்டும் வெளியே எடுத்து, மரையைத் துடைத்து, ஆன்டி சீஸ் பூசித் திரும்ப இறுக்கி, அதன் பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். வராதது இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு வண்டியைக் கொண்டுவரட்டும்.